வன்னியிலிருந்து பூனையைக் கூட்டிச்செல்ல விரும்புவோர் பார்க்க வேண்டிய பத்திரங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள், அம்மம்மா வீட்டு விறாந்தையில் படுத்திருக்கும் பூனைக்குட்டியோடு ஒட்டிக்கொண்டு, புறப்படும் நாளில் அதையும் கொண்டுபோக வேண்டும் என்று அழுவதைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பயணச்சீட்டு எடுத்த பின்னர் இதற்கு வழி தேடுவது வீண். ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ பிரித்தானியாவுக்கோ கொண்டுசெல்லும் பூனைக்குட்டிக்குப் பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஏழு மாதங்கள் தேவை. வளர்ந்த பூனையென்றாலும் நான்கு மாதங்களுக்குக் குறையாது.

முதலில், தோலுக்கடியில் வைக்கப்படும் 15 இலக்க அடையாள எண்ணுடைய மைக்ரோசிப் பொருத்தப்பட வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி அதே நாளில் அல்லது அதற்குப் பின்னரே போடப்பட வேண்டும். அப்போது குட்டிக்கு 12 வாரங்களாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாட்கள் கழிந்த பின்னர் இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். இலங்கையில் விசர்நோய் இன்னும் முற்றாக ஒழிக்கப்படாததே இந்தக் காத்திருப்புக்குக் காரணம்.

வரிசை பிசகினால் என்னவாகும் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டோம். புதுக்குடியிருப்பிலுள்ள தங்கச்சியின் சாம்பல் பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே ஊசி போடப்பட்டிருந்தது. தடுப்பூசி அட்டையில் இரண்டு திகதிகளும் அடுத்தடுத்த வரிகளில் தெளிவாக இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தும் அந்த ஊசி கணக்கில் எடுக்கப்படவில்லை. புதிதாக ஊசி போட்டு, மறுபடியும் இரத்தம் எடுத்து, நான்கு மாதங்கள் கூடுதலாகக் காத்திருந்தோம். ஆகவே மிருக வைத்தியர் அட்டையை எழுதிக் கொடுத்ததும், அங்கேயே நின்று திகதிகளை வாசித்துப் பாருங்கள்.

வளர்க்கும் பூனையை வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்து, திரும்பவும் கூட்டிச்செல்ல எண்ணுவோருக்கு வேலை சற்று இலகு. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றிலிருந்து புறப்படுமுன்னரே அங்குள்ள வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனையைச் செய்வித்து, நல்ல முடிவைப் பூனையின் கடவுச்சீட்டில் பதிவுசெய்து, அடுத்தடுத்த ஊசிகளைத் தவணை தவறாமல் போட்டுவந்தால், திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. இந்த ஒரு வேலையை மறந்துவிட்டு வந்தவர்கள், பூனையை உறவினரிடம் விட்டுவிட்டுத் தனியே திரும்ப நேரிடும். இலங்கைக்குள் கொண்டுவருவதற்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியையும் பயணத்துக்கு முன்னரே பெற வேண்டும்.

சுவிற்சர்லாந்துக்கு இலங்கையிலிருந்து நேரே விமானத்தில் போவதானால், அந்நாட்டுக் கால்நடை அலுவலகத்தின் முன்னனுமதியும் வேண்டும். பிரித்தானியாவுக்கு வரும் பூனை பெரும்பாலும் சரக்காகவே ஏற்றப்படும். கனடாவின் விதிகள் இவற்றை விட மிகவும் எளியவை.

பூனையை உறவினரிடம் விட்டுவந்து, காத்திருப்பு முடிந்த பின்னர் வேறொருவர் மூலம் எடுப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, உரிமையாளரின் பயணத்துக்கும் பூனையின் பயணத்துக்கும் இடையே ஐந்து நாட்களுக்கு மேல் இருந்தால் அது வணிக இறக்குமதியாகக் கருதப்படும். அதற்கான விதிகள் இன்னும் கடினமானவை. ஆகவே இன்னொரு முறை நீங்களே வந்து கூட்டிச்செல்வதே நல்லது என்பது என் எண்ணம்.

அரச கால்நடை வைத்தியரின் ஒப்பமுள்ள சுகாதாரச் சான்றிதழ் இறுதி வேலை. ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அது வழங்கப்பட்டிருக்க வேண்டுமென்பதால், முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாது. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். அங்கே போய்ப் பிழை கண்டால் திருத்த நேரமிராது. புறப்படுமுன், பிடரித் தோலுக்கடியில் அரிசிமணி போலத் தட்டுப்படும் அந்தச் சிப்பை வைத்தியரின் கருவியால் வாசிப்பித்து, திரையில் தோன்றும் 15 இலக்கங்களையும் ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.