மாடியில் சோலார் இருக்கு, கரண்ட் ஏன் போச்சு?

எங்கள் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்ட முதல் மாதமே தெருவில் கரண்ட் போனது. நல்ல உச்சி வெயில். கூடவே எங்கள் வீட்டு ஃபேனும் நின்றது. "இவ்வளவு பணம் கொட்டி இதுக்கா போட்டே?" என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் போட்டது ஆன்கிரிட் சோலார், அதாவது தெரு லைனோடு இணைந்தது. அதைத் தனி மின் நிலையம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதன் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), தெரு லைனின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பார்த்து அதோடு சேர்ந்து ஓடுவது. துடிப்பு நின்றால் இதுவும் உடனே நின்றாக வேண்டும். நிற்காவிட்டால், நம் மாடி மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கி ஏறி, செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் மேல் பாயும். கரண்ட் போனாலும் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். விலை நன்றாகவே ஏறும். எப்போதாவது கரண்ட் போகிற ஊரில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை. இரண்டு லைட், ஒரு ஃபேனுக்கு வீட்டில் இருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரே போதும்.

அடுத்தது நிழல். பேனல்களை வரிசையாகக் கோத்துத்தான் இணைக்கிறார்கள். வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்பார்கள் இல்லையா, அதே கதைதான். ஒரு பேனலின் மூலையில் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தால் நஷ்டம் அந்த மூலை அளவோடு நிற்காது. நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்திவிட பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு கொஞ்சம் காப்பாற்றும், அவ்வளவே.

இதில் நான் செய்த தப்பு, சித்திரையில் இடம் பார்த்தது. அப்போது சூரியன் தலைக்கு மேல், தண்ணீர் டேங்கின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் அந்த நிழல் வடக்கே நீண்டு முதல் பேனல் மேல் ஏறிவிட்டது. சென்னை அட்சரேகையில் ஆறடி உயர டேங்குக்கு மார்கழி நண்பகல் நிழலே ஏறக்குறைய நாலரை அடி வரும். காலை ஒன்பது மணிக்கு இன்னும் நீளம். டேங்க், மாடிப்படி அறை இவற்றுக்குத் தெற்கே இடம் இருந்தால் அங்கே போடுங்கள். பேனல்கள் தெற்குப் பார்த்து, பத்துப் பதிமூன்று டிகிரி சாய்வில் இருந்தால் போதும்.

கத்திரி வெயிலில் உற்பத்தி கொட்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரிக்கானது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். அதனால் அடியில் காற்றோட்டம் வேண்டும், தகர ஷீட்டோடு ஒட்டி வைக்கக் கூடாது. துடைப்பதென்றால் காலையிலோ மாலையிலோ துடையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது காய்ந்து வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும்.

எத்தனை கிலோவாட்? நம் ஊரில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட். உங்கள் பில்லே 350 யூனிட்தான் என்றால், அதுவும் முதல் 100 யூனிட் இலவசம் என்கிற மாநிலத்தில், மூன்று எதற்கு? "மானியம் 78,000 ரூபாய் கிடைக்குமே" என்பார்கள். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கே 60,000 உண்டு. மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயரை மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று: ஸ்மார்ட் மீட்டர் மாட்டினால் கிரிட், அதாவது ஊர்களை இணைக்கும் மின் கம்பி வலை, ஸ்மார்ட் ஆகிவிடும் என்ற நினைப்பு. மீட்டர் வெறும் கண். எங்கே மிச்சம், எங்கே பற்றாக்குறை என்று பார்த்து நொடிக்கு நொடி சரிக்கட்ட லைன், பேட்டரி, முன்கணிப்பு எல்லாம் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று வீசும்போது காற்றாலை மின்சாரம் பொங்கும். வாங்க ஆள் இல்லாவிட்டால் காற்றாலையை நிறுத்தத்தான் வேண்டும். வெளி மாநிலத்துக்கு அனுப்பலாமே என்றால், தென்னகக் கிரிட் நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒரே துடிப்பில் இணைந்ததே 2013 டிசம்பர் 31-இல்தான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாடியில் உற்பத்தி பூஜ்யம். ஊரே லைட், டிவி, ஏசி போடுகிற நேரமும் அதுதான். எங்கள் வீட்டில் இப்போது மோட்டாரும் வாஷிங் மெஷினும் பதினோரு மணிக்கு ஓடுகின்றன. கிரைண்டர் மட்டும் இன்னும் ராத்திரியில்தான். அம்மா மாற்றமாட்டேன் என்கிறார்.