மொழி பொருந்தாத குழுவோடு நாடகம் பழக்குவது எப்படி

பிரான்ஸ், சுவிஸ், கனடா என்று எங்கே பார்த்தாலும் எங்கள் நாடகக் குழுக்களுக்கு இப்போது ஒரே நிலைமைதான். மூத்தவர்களுக்குத் தமிழ் மட்டும். பிள்ளைகளுக்கு பிரெஞ்சோ ஆங்கிலமோதான் ஓடும். இடையில் மாலி நாட்டு மேளகாரர் ஒருவர், போலந்துத் தோழி ஒருத்தி. இப்படியான குழுவுக்கு நெறியாள்கை செய்ய வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பழக்கும் முறையில் பாதிக்குமேல் நாடக நெறியாளர் பீட்டர் புரூக்கிடம் எடுத்தது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகிற எங்கள் ஆட்கள், மெட்ரோ மேம்பாலத்துக்கு எதிரே நிற்கும் பூஃப் து நோர் அரங்கைத் தாண்டித்தான் போகிறார்கள். 1876இல் கட்டி, 1952இல் மூடிக் கைவிட்ட கட்டடம் அது. லண்டனில் பிறந்து, ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் பெயரெடுத்த புரூக், 1970இல் பாரிஸுக்கு வந்து பல நாட்டு நடிகர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். 1974இல் அந்த அரங்கைத் திறந்தார். சுவரில் உரிந்த பூச்சைக்கூட மறைக்கவில்லை. 2022இல், 97 வயதில் இறக்கும்வரை வேலை செய்துகொண்டே இருந்தார். மேடையும் செய்தார், படமும் எடுத்தார். மொழி பொருந்தாத குழுவை வைத்து எப்படி நாடகம் செய்வது என்பதை அவரளவுக்குத் துருவிப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

முதல் இரண்டு கிழமையும் எழுத்துருவை, அதாவது நாடகப் பிரதியை, யார் கையிலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்த மொழி நன்றாக வருகிறவர் முதல் மணித்தியாலத்திலேயே தலைவர் ஆகிவிடுவார். மற்றவர்கள் தங்கள் வரிக்காகக் காத்திருக்கும் ஆட்களாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. உங்கள் அசைவுத் திட்டத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். 1946இல், இருபத்தொரு வயதில், ஸ்ட்ராட்ஃபோர்டில் தன் முதல் நாடகத்தின் முதல் ஒத்திகைக்கு முந்தின இரவு புரூக் அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்தி நகர்த்தி எல்லா அசைவையும் கொப்பியில் குறித்து வைத்தார். காலையில் நடிகர்கள் நடக்கத் தொடங்கியதும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் வேறெங்கோ போனார்கள். அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, எதிரே நிற்கிற மனிதர்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒரே மொழிக் குழுவுக்கே அந்த நிலைமை என்றால் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எழுத்துரு இல்லாமல் என்ன செய்வது? ஒரு கம்பளத்தை விரியுங்கள். நாலு மீற்றருக்கு நாலு மீற்றர் போதும். 1972 கடைசியில் புரூக்கின் குழு அல்ஜீரியாவில் தொடங்கி சகாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது, ஊர்ச் சந்தியில் விரித்த கம்பளம்தான் மேடை. அதில் நடுவே வைத்த ஒரு சோடி சப்பாத்திலிருந்து அவர்கள் கதை பிடித்தார்கள். அதையே செய்யுங்கள். பழைய, பாவித்த சப்பாத்தாக இருக்கட்டும். புதிதில் கதை இருக்காது. கதைக்கக்கூடாது என்பது விதி. ஒருவர் உள்ளே போய்ச் சப்பாத்தோடு ஏதாவது செய்துவிட்டு அங்கேயே இருக்கவேண்டும். அடுத்தவர் போய் அதைத் தொடரவேண்டும். மற்ற எல்லோரும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள்.

எங்கள் குழுவில் ஓர் அம்மா. மேடையே ஏறியிராதவர். சப்பாத்தைத் தூக்கி, உள்ளே கைவிட்டுப் பார்த்து, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மண் உதிர்த்தார். முன்பக்கம் வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு பக்கத்தில் குந்திக்கொண்டார். பாரிஸில் பிறந்த ஒரு பெடியன் உள்ளே போய், அவரைப் பாராமலே அவற்றைக் கொழுவிக்கொண்டு, கம்பளத்தைவிட்டு இறங்கி நடந்தான். அம்மா அவன் கால்களையே பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்று நிமிடம்தான் பின்னால் எங்கள் நாடகத்தின் முதல் காட்சியானது. இந்த நேரத்தில் நெறியாளர் வாய் திறக்கக்கூடாது. ஐந்தாறு பேர் போய்வந்த பிறகு, பார்த்தவர்களிடம் எது விளங்கியது என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் தாளம். புரூக்கின் நடிகர்கள் மூங்கில் தடிகளோடு மணிக்கணக்காகப் பயிற்சி செய்வார்கள். ஆளுக்கு ஒரு தடி, வட்டமாக நின்று ஒரே நேரத்தில் எறிந்து பிடிப்பது. எண்ணிக் கொடுக்காதீர்கள். எண்ணினால் மறுபடி யாரோ ஒருவரின் மொழி வந்துவிடும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்டு எறியட்டும். கூத்துப் பழகிய யாராவது இருந்தால் அவரை வட்டத்துக்குள் விடுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கால் பழகியவருக்கு இது விளக்காமலே பிடிபடும்.

மூன்றாம் கிழமை எழுத்துருவை எடுக்கலாம். உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கிவிடாதீர்கள். 1985இல் தென் பிரான்ஸின் அவிஞ்ஞோன் அருகே ஒரு கல்லுடைக்கும் குழியில் புரூக் மகாபாரதத்தை மேடையேற்றியபோது திரௌபதி மல்லிகா சாராபாய், பீஷ்மர் மேற்கு ஆப்பிரிக்காவின் சோட்டிகி குயாத்தே, இசை யப்பானின் தொஷி சுச்சித்தோரி. ஒவ்வொருவரும் தன் நாக்கு வளைந்த மாதிரியே பிரெஞ்சு பேசினார்கள். ஒன்பது மணி நேரம். சில இரவுகளில் முழுவதையும் ஒரே மூச்சாக விடியும்வரை ஆடினார்கள். விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. இந்தியாவில் ருஸ்தம் பருச்சா போன்ற நாடக விமர்சகர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். கதையை அதன் மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார் என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆகவே உங்கள் மாலி நாட்டுக்காரர் தன் ஊர்க் கதை ஒன்றைக் கொண்டுவந்தால், அதில் எதை வெட்டலாம் என்று முடிவெடுக்கிற உரிமை அவருக்கே இருக்கட்டும்.

முக்கால்வாசி தேறியதும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். உடுப்பு, ஒப்பனை, விளக்கு ஒன்றும் வேண்டாம். புரூக்கும் இப்படிச் செய்வார். பிள்ளைகள் எந்த இடத்தில் கதைக்கத் தொடங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் காட்சி செத்துக்கிடக்கிறது.

கடைசியாக, பதிவு. இப்போது எந்த விழாவும் வீடியோ கேட்கிறது. மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு கமெராவை நிறுத்தி எடுத்து அனுப்பினால் யாரும் பத்து நிமிடம் தாண்டிப் பார்க்கமாட்டார்கள். புரூக் மேடையில் செய்ததை அப்படியே படம் பிடிக்கவில்லை. 1962இல் மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை, பிறகு டென்மார்க்கின் பனிக்குள் கொண்டுபோய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1971இல் அது வெளிவந்தது. மேடையில் செய்த இன்னொரு நாடகத்திலிருந்து அவர் எடுத்த மரா/சாட் படத்தில் கமெரா நடிகர்களுக்குள்ளேயே நடந்து திரிகிறது. எங்களுக்குப் பனிப்பிரதேசம் கிடைக்காது, ஆனால் கமெராவை நடக்கவைக்கலாம். பார்வையாளர் இல்லாத ஒரு நாளில் கமெராவைக் கம்பளத்துக்குள் இறக்கி எடுங்கள். நடிகர்களிடம் மண்டபத்துக்கான குரலைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தனியாக வையுங்கள். கமெராக்காரர் கடைசிக் கிழமை ஒத்திகை முழுவதும் வந்து இருக்கவேண்டும் என்று முதலிலேயே பேசி, அதற்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். வசனம் விளங்காத கமெராக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் முகங்களைத்தான் பார்ப்பார்.