பழைய காரின் சேசிஸ் இற்றுப்போனால்: வெல்டிங்குக்கு முன்னால் உப்பை எடுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. சேசிஸில், அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தில், ஓட்டை தெரிந்ததும் பட்டறைக்குக் கொண்டுபோய், மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசிவிடுவார்கள். கொஞ்ச நாளிலேயே தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். உடனே வெல்டரைத் திட்டுவார்கள். பாவம் அவர், பெரும்பாலும் குற்றம் அவருடையது இல்லை, தகட்டுக்கு அடியில் உப்பை வைத்து மூடியதுதான் காரணம்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு கசிந்து தண்ணீராகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதற்குக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் நம் ஊரில் சேசிஸ் ராத்திரி முழுக்க நனைந்துதான் கிடக்கிறது. மதுரைக்காரர் செய்கிற மாதிரியே நாமும் செய்தால் தாங்காது.

முதலில் எந்த வண்டி என்று பாருங்கள்

எல்லாக் காருக்கும் தனி சேசிஸ் கிடையாது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி இரண்டிலும் பாடியும் சட்டமும் ஒன்றுதான், அந்த வேலை வேறு. பழைய ஜீப்பில் தனிச் சட்டம் உண்டு. சென்னையில் 1961இல் தயாராக ஆரம்பித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் உண்டு. இங்கே ஹெரால்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். நடுவில் நெடுக இரண்டு பெட்டிக் குழல்கள் ஓடும், அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் அவுட்ரிகர் என்கிற கைகள் நீளும், அந்தக் கைகளின் மேல்தான் பாடி போல்ட்டில் உட்காரும். முதலில் இற்றுப்போவது இந்தக் கைகள்தான். சக்கரம் வாரி அடிக்கிற மணலும் தண்ணீரும் அங்கே போய்த் தேங்கும்.

கழுவி, குத்திப் பாருங்கள்

அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். இங்கே பல ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் உப்பைப் பூசுவதாகத்தான் அர்த்தம். குழல்களின் ஓட்டை வழியாக ஹோஸைச் செருகி உள்ளேயும் அலசுங்கள், வெளியே வருகிற சேறு எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

காய்ந்ததும் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ணங்கென்று சொல்லும், இற்ற இடம் பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள், தயங்காதீர்கள். இன்றைக்கு ஸ்க்ரூடிரைவருக்கு உடைகிற இடம் நாளைக்குப் பள்ளத்தில் உடையும். இறங்கிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். மேல்துரு மட்டும் என்றால் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். பொருக்கு ஏடு ஏடாக உரிந்தால் தகடு மெலிந்துவிட்டது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் அது புதியவர் தொடுகிற வேலை இல்லை. அதை மட்டும் அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சேசிஸ் நம்பர் பொறித்த இடத்துக்குக் கிரைண்டரைக் கொண்டுபோகவே போகாதீர்கள். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், அப்போது நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

தூக்கி நிறுத்துவதும் அளப்பதும்

மணல் தரையில் ஜாக்கி சாயும். கெட்டியான பலகை போட்டு, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஹாலோ பிளாக்கின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் போய்ப் படுக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பேட்டரி, பெட்ரோல் டேங்க், சேசிஸ் ஓரமாகப் போகிற பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஒயர், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பழைய எண்ணெயோ மெழுகோ குழலுக்குள் இருந்தால் வெல்டிங் சூட்டில் பற்றும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். சில பிரேக் கிளீனர்கள் மாதிரி குளோரின் கலந்த திரவம் பட்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது அளவு. இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலைக்கு ஒரு அளவு, வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கு ஒரு அளவு, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடி போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரங்களையும் குறித்து, கதவு இடைவெளியையும் பாருங்கள். வெட்டுவதற்கு முன் எல் ஆங்கிளைக் குறுக்கே டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்துக்கொண்டால் சட்டம் கோணாது. ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டுங்கள். அதை முடித்து, திரும்ப அளந்த பிறகுதான் அடுத்தது. இரண்டு பக்கத்தையும் ஒரேயடியாக வெட்டினால், எழுதி வைத்த அளவை எங்கிருந்து பிடிப்பது என்றே தெரியாது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பளபளக்கிற நல்ல இரும்பு வருகிறவரை வெட்டுங்கள். மனசு கேட்காமல் பாதித் துருவை விட்டால் வெல்டிங் பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். நல்ல இடத்தில் வெர்னியரால் கனம் பார்த்து, அதே கனத்தில் எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு வாங்குங்கள். கூரைக்குப் போடுகிற ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். காலண்டர் அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு, அதைத் தகட்டில் வரைந்து வெட்டுங்கள். மூலைகளை வளைவாக விடுங்கள்.

பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை ஏற்றி ஒட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் உப்புத்தண்ணீர் நிரந்தரமாகக் குடியிருக்கும். ஓரத்தோடு ஓரம் சேர்த்து முழுக்கப் பற்றவையுங்கள். நீளமான குழலில் ஒட்டும்போது குறுக்கே நேர்க்கோடாக ஒரே இடத்தில் வெல்டிங் வராமல், தகட்டின் முனையைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் விரிசல் விழுகிற ஆபத்து குறையும்.

மிக் மெஷினில் (கேஸ் பாய வயரை உருக்கி ஒட்டுவது) 0.8 மி.மீ. வயர் புதியவருக்கு வசதி. ஆனால் ஆடிக் காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டிங் புழு அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள், புகை வெளியேற மேலே வழி இருக்கட்டும். ஆர்க் வெல்டிங் என்றால் 2.5 மி.மீ. 6013 ராடு போதும், ஆனால் 2 மி.மீ.க்குக் குறைந்த தகட்டை அது சுலபமாக ஓட்டை போட்டுவிடும். ராடு கடல்காற்றில் ஈரம் இழுக்கும், மூடிய டப்பாவில் வைத்திருங்கள். சுற்றிலும் டாக் வைத்து, எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். தண்ணீர் ஊற்றி ஆறவைக்க வேண்டாம்.

இனிதான் உண்மையான வேலை

துருவை எடுக்கக் கம்பி பிரஷ் போட்ட கிரைண்டர் வேகமாகப் போகும். ஆனால் பள்ளங்களில் இருக்கிற துருவைப் பாலிஷ் போட்டுவிட்டுச் சுத்தமான மாதிரி ஏமாற்றும். முடிந்தால் பிளாஸ்டிங் (துகளைக் காற்றில் பீய்ச்சித் துரு எடுப்பது) செய்கிற இடத்துக்குச் சட்டத்தை அனுப்புங்கள். அங்கே கார்னெட் என்கிற கல் துகளை உபயோகிக்கிறார்களா என்று கேளுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. அதில் உப்பும் உண்டு, தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலையும் கெடுக்கும்.

சுத்தமானதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குடிதண்ணீரை லேசாகத் தெளித்து ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் மெலிதாக ஒரே சீராக மஞ்சள் துரு படிந்திருந்தால் பரவாயில்லை. கரும்பழுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்தக் குழிகளுக்குள் குளோரைடு, அதாவது உப்பு, இன்னும் இருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, காயவைத்து, மறுபடி தெளியுங்கள். புள்ளிகள் வருவது நிற்கும்வரை இதுவேதான். பொறுமை போகும், வேறு வழியில்லை. முடிந்ததும் மஞ்சளை உப்புத்தாளால் எடுத்துவிட்டு அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். இன்னொரு ராத்திரி திறந்து கிடந்தால் கடல்காற்று மறுபடியும் உப்பைக் கொண்டுவந்து படிய வைத்துவிடும்.

அதிகாலையில் பெயின்ட் அடிக்காதீர்கள், இரும்பில் கண்ணுக்குத் தெரியாத பனி இருக்கும். ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கால் மணி நேரத்தில் காய்ந்தால் அடிக்கலாம். தை முதல் சித்திரை வரை இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், வெல்டிங் ஓரங்களுக்கு மட்டும் முதலிலேயே பிரஷ்ஷால் ஒரு கோட், சந்துகளுக்கு சீம் சீலர் (சந்தை அடைக்கிற பசை), கடைசியாக பாலியூரித்தேன் பெயின்ட். எபாக்ஸி மட்டும் என்றால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். விசைப்படகுக்குப் பெயின்ட் விற்கிற கடைகளில் கேட்டால் கடலுக்கு ஏற்ற எபாக்ஸி கிடைக்கலாம். தார் பூசுவது வேண்டாம், விரிசல் விட்டால் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குழலுக்குள்ளே பிரஷ் போகாது. நீளக் குழாய் வைத்த கேவிட்டி வேக்ஸை (உள்ளே பீய்ச்சுகிற மெழுகை) எல்லா ஓட்டைகள் வழியாகவும் செலுத்தி, அடியில் சொட்டுகிறவரை அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது இங்கே பழக்கம்தான், ஆனால் அது ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும். வேக்ஸ் இறுகியதும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பாடியை மாட்டும்போது புது ரப்பர் பேட் வைத்து, போல்ட் மரையில் கிரீஸ் தடவுங்கள். கதவு இடைவெளி பழைய அளவுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுக்க இறுக்குங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அடியைக் கழுவுங்கள், மாதம் ஒருமுறை வடிகால் ஓட்டைகளையும் பாருங்கள். வேக்ஸை வருடா வருடம் மழைக்கு முன், புரட்டாசியில், திரும்ப அடிக்க வேண்டும்.