பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முழுப் புத்தகத்தைப் பேசாதீர்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடுகிறது. யாராவது ஒருவர் அயல்மொழி நாவல் ஒன்றை அறிமுகம் செய்வார், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. புதிதாகச் சேரும் இளைஞர்களைக் கவனிக்கும்போது, நான் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்வது தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தினமும் படியுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், பிடிக்காத புத்தகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்குவது

உலகின் தலைசிறந்த நூறு நாவல்கள் என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் முதல் பத்துக்குள் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' இருக்கும். அதை வாங்கி, முப்பது பக்கம் தள்ளாடி, உலக இலக்கியம் தனக்கு எட்டாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பட்டியல் ஒரு வாசகரின் மனநிலையையோ முன்வாசிப்பையோ அறியாது. உங்களுக்குப் பிடித்த ஒரு தமிழ் எழுத்தாளர் யாரைப் படித்து வளர்ந்தார் என்று தேடுங்கள். அவருடைய கட்டுரைகளிலும் பேட்டிகளிலும் அந்தப் பெயர்கள் கிடைக்கும். அங்கிருந்து தொடங்கினால் வழி தானாக நீளும்.

மெலிந்த புத்தகம் எளிதாக இருக்கும் என்று நம்புவது

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலைப் பார்த்து மிரண்டவர்கள், ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ' நாவலைச் சிரித்துக்கொண்டே எடுத்துப் போகிறார்கள். 1955இல் வந்த அந்த மெக்சிக நாவல் நூற்றைம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் யார் பேசுகிறார்கள், எந்தக் காலத்தில் பேசுகிறார்கள் என்பது பத்திக்குப் பத்தி மாறும். இரண்டு முறை படித்தாக வேண்டிய புத்தகம் அது. டால்ஸ்டாயோ, கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர். அறைக்குள் யார் நுழைந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் துளி குழப்பம் இருக்காது. அவரைப் படிக்கக் காலம்தான் வேண்டும், தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

சுருக்கப் பதிப்பை முழு நூல் என்று எண்ணிக்கொள்வது

நான் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான். எத்தனை முறை சொல்லியும் இந்த எரிச்சல் எனக்குத் தணியவில்லை.

ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் செர்வாண்டிஸின் 'டான் குயிக்ஸோட்' நாவலை அறிமுகம் செய்தார். நல்ல குரல், நல்ல தயாரிப்பு. வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்து மனம் பேதலித்த ஒரு கிழவர், துருவேறிய கவசம், எலும்பும் தோலுமான குதிரை, காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணிப் பாயும் பாய்ச்சல் எல்லாவற்றையும் குறிப்பு பார்க்காமல் சொன்னார். அறை முழுவதும் சிரித்தது. "கனவில் வாழ்பவன் கீழே விழுவான், இதுதான் இந்த நாவல்" என்று முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். "தம்பி, சாஞ்சோ ஆளுநராக இருந்த பகுதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று கேட்டார். சாஞ்சோ, குயிக்ஸோட்டுடன் ஊர் சுற்றும் உதவியாளன். இளைஞர் திகைத்துப் போனார். "இதில் அப்படி ஒரு பகுதியே இல்லையே, ஐயா."

அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இருநூறு பக்கம்கூட இல்லை. சுருக்கம் என்ற சொல் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை.

அந்தப் புத்தகம் எதையெல்லாம் விழுங்கியிருந்தது என்று பாருங்கள். 'டான் குயிக்ஸோட்' இரண்டு பாகங்களால் ஆனது. முதல் பாகம் 1605இல் வந்தது, 52 அத்தியாயங்கள். இரண்டாம் பாகம் 1615இல் வந்தது, 74 அத்தியாயங்கள். உலகமே அறிந்த காற்றாலைச் சண்டை முதல் பாகத்தின் 8ஆவது அத்தியாயத்தில் தொடங்கிச் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 118 அத்தியாயங்கள் இருக்கின்றன!

இரண்டாம் பாகத்தில் நடப்பது நாவல் வரலாற்றில் பெரிய விஷயம். அங்கே வரும் மனிதர்களில் பலர் முதல் பாகத்தைப் படித்தவர்கள். தன்னைப் பற்றி ஒரு புத்தகம் அச்சாகியிருக்கிறது என்பதைக் குயிக்ஸோட்டே தெரிந்துகொள்கிறார். அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு பிரபுவும் அவருடைய மனைவியும் இவரைத் தங்கள் மாளிகைக்கு அழைத்து, இவருடைய பித்தையே தங்கள் பொழுதுபோக்காக்கிக் கொள்கிறார்கள். இதற்கிடையில், செர்வாண்டிஸ் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, 1614இல் அவெய்யானெடா என்ற புனைபெயரில் யாரோ ஒரு போலித் தொடர்ச்சியை வெளியிட்டுவிட்டார். செர்வாண்டிஸ் அந்தப் போலியைத் தன் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். போலி நாவலில் குயிக்ஸோட் சரகோசா நகருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், உண்மையான குயிக்ஸோட் அந்த ஊருக்கே போகாமல் பார்சலோனாவுக்கு வழியை மாற்றிக்கொள்கிறார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாஞ்சோவின் ஆளுநர் பதவியும் அந்தப் பிரபு நடத்திய விளையாட்டுதான். எல்லோரும் சிரிக்கக் காத்திருக்கிறார்கள். படிப்பறிவில்லாத அந்தக் குடியானவனோ அருமையாகத் தீர்ப்புச் சொல்கிறான். பத்துப் பொற்காசு கடன் வாங்கிய கிழவன் ஒருவன், சத்தியம் செய்யும்போது தன் ஊன்றுகோலைச் சற்றுப் பிடித்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவனிடமே தருகிறான். பணத்தை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியமும் செய்கிறான். சாஞ்சோ அந்தக் கோலை உடைக்கச் சொல்கிறான். காசு உள்ளே இருக்கிறது. மரியாதை ராமன் கதை கேட்டு வளர்ந்த ஒரு தமிழ் வாசகர் இந்த இடத்தில் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! அந்த இளைஞருக்கு அது கிடைக்கவே இல்லை. இறுதி அத்தியாயத்தை நான் இங்கே சொல்ல மாட்டேன். அதைப் படித்தவர் யாரும் அந்த நாவலை, கனவில் வாழ்பவன் கீழே விழுவான் என்று சொல்லி முடிக்க மாட்டார்.

இந்தத் தவறின் விலை அந்த ஒருவரோடு நிற்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அம்மா, ஈடித் கிராஸ்மன் 2003இல் வெளியிட்ட முழு ஆங்கில மொழிபெயர்ப்பை என்னிடம் இரவல் வாங்கி வைத்திருந்தார். 900 பக்கங்களைத் தாண்டும் புத்தகம் அது. அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "கதைதான் தெரிந்துவிட்டதே, சார்" என்றார். பாதி படித்து நிறுத்தியவர் என்றாவது ஒருநாள் மீதியைப் படிப்பார். சுருக்கத்தைப் படித்தவருக்கு அது முடிந்துபோன புத்தகம், இனி அவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அவர் பேசக் கேட்டவர்களும் திரும்ப மாட்டார்கள். இந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. வெட்டியதை வெட்டியதாகச் சொல்லாமல் விற்கிறவர்கள்மீதுதான் கோபம். அது வாசகரை ஏமாற்றும் செயல்.

'கலிவரின் பயணங்கள்' நூலுக்கும் இதே கதிதான். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதியது நான்கு பயணங்கள். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை சித்திரக்குள்ளர் நாடும் பூதாகார மனிதர்கள் நாடும் மட்டுமே. நான்காவது பயணத்தில், பகுத்தறிவுள்ள குதிரைகளோடு வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பும் கலிவர், சொந்த மனைவி மக்களின் வாடையைக்கூடச் சகிக்க முடியாமல் இலாயத்தில் குதிரைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். மனித இனத்தின்மீது எழுதப்பட்ட மிகக் கசப்பான பக்கங்களில் சில அவை. ஐந்தாம் வகுப்பில் படித்தாகிவிட்டது என்று நாற்பது வயதுக்காரர் ஒருவர் சொல்லும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

குழந்தைகளுக்கான சுருக்கம் வேண்டும், நானும் வாங்கிக் கொடுக்கிறேன். தழுவல் என்று அட்டையில் போட்டு எழுதுவதும் நேர்மையான வேலைதான். தமிழில் தழுவலைப் புதுமைப்பித்தன் வன்மையாக எதிர்த்தார், எதிர்த்ததோடு நிற்காமல் உலகச் சிறுகதைகள் பலவற்றைத் தாமே மொழிபெயர்த்தும் காட்டினார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எது எது என்று முன்பக்கத்தில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொல்லாதவர்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கடையில் புத்தகத்தை எடுத்ததும் அட்டையைத் தாண்டிப் பதிப்பு விவரப் பக்கத்துக்குப் போங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா? எந்த மொழியிலிருந்து, யாருடைய பதிப்பை வைத்து மொழிபெயர்த்தார் என்ற குறிப்பு இருக்கிறதா? ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மொழியிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்த காஃப்காவின் 'விசாரணை', வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து கொண்டுவந்த காம்யுவின் 'அந்நியன்' போன்ற நூல்களில் இது வெளிப்படையாக இருக்கும். அடுத்து, மூல நூலின் அமைப்பைத் தெரிந்துகொண்டு உள்ளடக்கத்தோடு ஒப்பிடுங்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' ஆறு பாகங்களும் ஒரு பின்னுரைப் பகுதியும் கொண்டது. அவருடைய 'கரமாசவ் சகோதரர்கள்' பன்னிரண்டு பகுதிகளும் ஒரு பின்னுரைப் பகுதியும் கொண்டது. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' ஐந்து பாகங்கள். இந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். எண்ணிக்கை குறைந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் படித்தால் முழுமையாக இருக்கும் என்று நம்புவது

அங்கேயும் வெட்டு உண்டு. ஹருகி முரகாமியின் 'காற்றுத்திருகுப் பறவை' நாவல் ஜப்பானிய மொழியில் மூன்று தொகுதிகளாக வந்தது. 1997இல் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக வந்தபோது, பதிப்பகம் விதித்த நீள வரம்புக்காக மொழிபெயர்ப்பாளர் ஜே ரூபின் ஏறத்தாழ 25,000 சொற்களை நீக்க நேர்ந்தது. ஆங்கிலம் வழியாக வேறு மொழிக்குப் போகும் பதிப்பிலும் அந்த இடைவெளி அப்படியே தொடரும். புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' அவர் 1940இல் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் சோவியத் இதழ் ஒன்றில் அச்சேறியது, அதுவும் தணிக்கையால் வெட்டப்பட்ட வடிவில். 1967இல் வந்த மிர்ரா கின்ஸ்பர்க்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த வெட்டுண்ட பிரதியை வைத்துச் செய்யப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்மேல் குறையில்லை, அவருக்குக் கிடைத்தது அதுதான். ஆனால் பழைய புத்தகக் கடையில் அதை இன்று வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வாளர் முன்னுரையை முதலில் படிப்பது

கடைசியில் படியுங்கள். அது முடிவைச் சொல்லிவிடும்.

ரஷ்யப் பெயர்களில் தடுக்கி விழுவது

ரஸ்கோல்னிகவ், ரோடியோன் ரொமானவிச், ரோடியா எல்லாம் ஒரே ஆள், 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன். முதற்பெயர், தந்தை பெயரால் வருவது, குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று அழைப்பவரின் உறவைப் பொறுத்து மாறும். ஒரு தாளில் எழுதிப் பக்கக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பக்கத்தில் பழகிவிடும்.

நாவலை அந்த நாட்டின் அறிக்கையாக வாசிப்பது

சினுவா அச்செபேயின் 'சிதைவுகள்' நாவலைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்காவைப் புரிந்துகொண்டேன் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். அந்த நாவல் 1958இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நைஜீரியாவின் இக்போ மக்களின் ஊர்களில் நடக்கும் கதை. நைஜீரியாவிலேயே நூற்றுக்கணக்கான மொழிகள் பேசப்படுகின்றன. அதோடு, நாவலின் நாயகன் ஒகொங்குவோ, தன் தந்தையைப் போல ஆகிவிடுவோமோ என்ற அச்சத்தில் முரடனாகிப்போன ஒரு தனி மனிதன். அவனை ஒரு கண்டத்தின் பிரதிநிதியாக்கினால் அவனுடைய வேதனை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரே ஒரு தஞ்சாவூர் நாவலைப் படித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், இந்தியாவே தெரிந்துவிட்டது என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

அறிமுகம் என்ற பெயரில் கதையைச் சொல்லி முடிப்பது

1961இல் கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்த சில காலத்தில், நண்பர் ஆல்வாரோ மூட்டிஸ் படியேறி வந்து 'பெட்ரோ பராமோ' நாவலை அவர் கையில் கொடுத்தார். படித்துக் கற்றுக்கொள் என்பதைத் தவிர விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அன்றிரவே மார்க்கேஸ் அதை இரண்டு முறை படித்தார். அவருடைய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் வந்தது. அந்த நாவலுக்கான வழியைத் தனக்குக் காட்டியது ருல்ஃபோவின் வாசிப்பு என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். மூட்டிஸ் அன்று மாலை உட்கார்ந்து கதையை விவரித்திருந்தால் மார்க்கேஸ் அந்த இரவில் அப்படிப் படித்திருப்பாரா?

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அறிமுகம் செய்பவர் கதை எங்கே தொடங்குகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு, தன்னை அசைத்த ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து உரக்கப் படிக்க வேண்டும். ஏன் அந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். கையில் இருக்கும் பதிப்பு முழுமையானதா, எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் முதலிலேயே அறிவிக்க வேண்டும். டான் குயிக்ஸோட் பற்றிப் பேசிய இளைஞர் முழுப் பதிப்பைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, சென்ற மழைக்காலத்தில் மறுபடியும் அதே நாவலைப் பேசினார். இம்முறை ஊன்றுகோல் வழக்கைப் படித்தார். அந்த அம்மா என்னிடம் மீண்டும் அந்தத் தடித்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.

இரவல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத் தயங்குவது

கேளுங்கள். அடுத்தவர் காத்திருக்கிறார்.