அஞ்சல் இப்போது எங்கே நிற்கிறது? மின்னஞ்சல் மென்பொருளை அமைக்கும்போதும் சேவை முடங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், முன்பள்ளிகள், சிறு தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் தமது மின்னஞ்சலை உலாவியிலோ கைத்தொலைபேசியிலோதான் பார்க்கின்றன. கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் நின்று, சிறிது நேரத்தில் கோபுரத்தின் சிக்னலும் விழுந்துவிட்டால், புதிய கடிதம் வராதது மட்டுமல்ல, சென்ற மாதம் வந்த கடிதத்தைக்கூடத் திறந்து பார்க்க முடியாது. தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் கடிதங்களின் பிரதியைக் கணினியிலேயே வைத்திருப்பதால், இணைப்பு இல்லாத வேளையிலும் அவற்றைப் படிக்கலாம். பதிலை எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். இந்த ஒரு வசதிக்காகவே அவை எமது பகுதிக்குப் பொருத்தமானவை என்பது என் கருத்து.

ஆனால் பிழையாக அமைத்தால் அதே மென்பொருள் கடிதங்களைத் தொலைத்தும் விடும். பல அலுவலகங்களில் இந்த வேலைக்காக அமர்ந்து பார்த்ததில், அநேகமான தவறுகளுக்குப் பின்னால் கேட்கப்படாத ஒரே கேள்விதான் இருந்தது: இந்தக் கடிதம் இந்த நேரத்தில் எங்கே நிற்கிறது? சேவை வழங்குநர் கடிதங்களை வைத்திருக்கும் தொலைக் கணினியான சேவையகத்திலா, எமது கணினியிலா, இரண்டிலுமா, அல்லது இடைவழியிலா?

பொப்பா, ஐமெப்பா

கணக்கை இணைக்கும்போது மென்பொருள் கேட்கும் முதல் தெரிவு இது. பலர் வாசிக்காமலே கடந்துவிடுவதும் இதைத்தான். பொப் (POP) முறை சேவையகத்தில் உள்ள கடிதங்களைக் கணினிக்கு இறக்கி, அமைப்பைப் பொறுத்துச் சேவையகத்திலிருந்து அவற்றை நீக்கிவிடும். சில மென்பொருள்களில் 14 நாட்களின் பின் நீக்கு என்ற தெரிவு முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். ஐமெப் (IMAP) முறையில் கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்க, கணினியிலும் தொலைபேசியிலும் தெரிவது அவற்றின் பிரதிபலிப்பு.

முல்லைத்தீவு மாவட்டத்துச் சங்கம் ஒன்றில், பழைய செயலாளர் தமது மடிக்கணினியில் பொப் முறையில் சங்கத்தின் கணக்கை அமைத்திருந்தார். அவர் பதவி விலகிய பின்னர் புதிய செயலாளர் கணக்கைத் திறந்தபோது அங்கே இரண்டு வாரக் கடிதங்கள் மட்டுமே இருந்தன. மூன்று ஆண்டுக் கடிதங்களும் பழையவரின் மடிக்கணினியில் இருந்தன. அதன் வன்தட்டோ முந்திய மாரியில் பழுதாகியிருந்தது. எவரும் எதையும் களவெடுக்கவில்லை, எவரும் எதையும் அழிக்கவுமில்லை. ஒரு பொத்தான் பிழையாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கும் கணக்கு எதுவானாலும் ஐமெப் முறையையே தெரிவு செய்ய வேண்டும்.

ஐமெப்பைத் தெரிவு செய்தவர்கள் அடுத்து விடும் தவறு, அதைக் காப்புப்பிரதி என்று நம்புவது. கணினியில் இடம் போதவில்லை என்று பழைய கடிதங்களை அழித்தால், அவை சேவையகத்திலிருந்தும் அழியும். ஜிமெயிலில் குப்பைத்தொட்டிக்குப் போன கடிதம் 30 நாட்களில் நிரந்தரமாக நீங்கிவிடும். மறுதலையாக, சேவையகத்தில் கடிதம் அழிந்தால், இரு பக்கத்தையும் ஒரேமாதிரி ஆக்கும் அடுத்த ஒத்திசைவில் எமது பிரதியும் போய்விடக்கூடும். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணிச் சேவை மீது நடந்த கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலில், அரசாங்க மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய அலுவலகங்கள் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்களை இழந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் அடங்கும். அந்தக் காலத்துக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே நேர்ந்தது எங்களுக்கு நேராது என்று இருக்க முடியாது. தண்டர்பேர்ட்டில் கணக்குகளுக்குக் கீழே கணினிக்கு மட்டும் உரிய உள்ளகக் கோப்புறைகள் தனியாக உண்டு. உடன்படிக்கை, நிதி, காணி தொடர்பான கடிதங்களை மாதம் ஒருமுறை அங்கே நகலெடுத்து, அந்தத் தரவை வெளி வன்தட்டு ஒன்றுக்கும் மாற்றி வைத்தால், சேவையகத்தில் எது நடந்தாலும் அவை பிழைக்கும். நகலெடுக்க வேண்டும், இழுத்துப் போட்டால் அது இடமாற்றமாகிச் சேவையகத்தில் இல்லாமற் போய்விடும்.

டொங்கிளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பத்து ஆண்டுப் பழைமையான கணக்கை இணைத்தவுடன் மென்பொருள் எல்லாக் கடிதங்களையும் அவற்றோடு வந்த கோப்புகளுடன் இறக்கத் தொடங்கும். காலையில் போட்ட ரீலோட் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஒத்திசைவு அமைப்பில், அண்மைய 30 நாட்கள் அல்லது சில மாதங்கள் என்று வரையறுத்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கடிதங்களை இறக்க வேண்டாம் என்றும் குறித்துவிடலாம். ஆனால் முழுவதையும் அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் இணைப்பு இல்லாத நாளில் தலைப்புகள் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இராது. இரவு நேரத்துக்கெனத் தனி டேட்டா தரும் பொதி உள்ளவர்கள் முதல் ஒத்திசைவை இரவில் விட்டுவிடுவது நல்லது.

கடவுச்சொல் சரி, ஆனாலும் ஏற்கவில்லை

இது அடிக்கடி வரும் முறைப்பாடு. 2022 மே 30 முதல் கூகுள், தனிநபர் கணக்குகளில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு வெளி மென்பொருள்கள் நுழைவதை நிறுத்திவிட்டது. மைக்ரோசொஃப்ட்டும் தனது தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டெம்பர் 16 முதல் அவ்வாறே செய்தது. எனவே புதிய தண்டர்பேர்ட்டில் கூகுளின் நுழைவுச் சாளரம் தானாகத் திறந்து அனுமதி கேட்கும்; அந்த வழிதான் சிறந்தது. அதை ஆதரிக்காத பழைய மென்பொருளுக்கு, ஜிமெயில் கணக்கில் கடவுச்சொல்லுக்கு மேலாக இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கென 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று உள்ளிட வேண்டும்.

இதை அறியாதவர்கள், கடவுச்சொல் மறந்துவிட்டது போலும் என்று எண்ணி அதை மாற்றிவிடுகிறார்கள். மாற்றியவுடன், ஏற்கெனவே பெற்றிருந்த செயலிக் கடவுச்சொற்களும் செல்லாதவையாகி, அதுவரை ஒழுங்காக இயங்கிய பொருளாளரின் கணினியும் நின்றுவிடும். ஒருவருடைய சிக்கல் இவ்வாறுதான் மூவருடைய சிக்கலாகிறது.

கையால் அமைப்பவர்கள், சேவையகத்தின் எந்த வாசலால் இணைவது என்று குறிக்கும் போர்ட் எண்களிலும் தடுமாறுவதுண்டு. ஐமெப்புக்கு 993, பொப்புக்கு 995, அனுப்புவதற்கு 465 அல்லது 587. பழைய கையேடுகளில் காணப்படும் 25 என்ற எண் சேவையகங்கள் தமக்குள் கடிதம் பரிமாறுவதற்குரியது. பல இணைய வழங்குநர்கள் அதைப் பயனர்களுக்கு மூடி வைத்திருப்பதால், வாங்க முடியும், அனுப்ப முடியாது என்ற நிலை உண்டாகும். அப்போது மறைகுறியாக்கம் (இடையில் எவரும் வாசிக்க முடியாதபடி மறைத்து அனுப்புவது) வேண்டாம் என்ற தெரிவை அழுத்திப் பார்க்கும் ஆசை வரும். அதைச் செய்தால் கடவுச்சொல் வெளிப்படையாகப் பயணிக்கும்.

சேவையகம் தன் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கை வந்தால் உடனே ஏற்றுக்கொள் என்று அழுத்துவதும் அப்படிப்பட்டதே. முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பற்றரி செத்துப் போயிருந்தால், ஒவ்வொரு மின்வெட்டின் பின்னரும் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் திகதியின்படி சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சிறு பற்றரி ஒன்றை மாற்றினால் தீரும் சிக்கலுக்காக மென்பொருளை மூன்று தரம் மீள நிறுவிய ஓர் அலுவலகத்தை எனக்குத் தெரியும். 1996 இல் கொழும்பு நேரத்தை முன்தள்ளியபோது வன்னியின் பெரும்பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடு மீண்டும் பழைய நேரத்துக்கு வரும்வரை எங்களுக்கு இரண்டு கடிகாரங்கள் இருந்தன. அப்போது அரை மணித்தியாலப் பிசகோடு சமாளித்தோம். பல ஆண்டுப் பிசகோடு மின்னஞ்சல் மென்பொருள் அவ்வாறு சமாளித்துப் போகாது.

முடங்கியது எது

கடிதம் வரவில்லை, போகவில்லை என்றதும் ஜிமெயில் விழுந்துவிட்டது என்ற முடிவுக்கு வருவது எளிது. பெரும்பாலும் விழுந்தது எமது இணைப்புத்தான். வேறொரு இணையத்தளம் திறக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னர் இன்னொரு வலையமைப்பின் சிம் உள்ள தொலைபேசியில் அதே கணக்கை உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்தால் சேவை நன்றாக இருக்கிறது. பிழை மென்பொருளின் அமைப்பிலோ எமது இணைப்பிலோ இருக்கிறது. இரண்டிலும் திறக்காவிட்டால்தான் சேவை இயங்குகிறதா என்று வழங்குநர் அறிவிக்கும் நிலைமைப் பக்கத்தைப் பார்க்கும் தேவை வரும்.

உண்மையான முடக்கங்களும் நிகழ்கின்றன. 2020 டிசெம்பர் 14 ஆம் திகதி, இலங்கை நேரப்படி மாலை 5.15 அளவில், கூகுளின் அடையாளச் சரிபார்ப்பு முறைமை செயலிழந்து ஏறத்தாழ 47 நிமிடங்கள் ஜிமெயில் உட்படப் பல சேவைகள் நின்றன. அமெரிக்க நேரப்படி மறுநாள் நடந்ததுதான் கூடுதல் பாடம் உள்ளது. ஓர் அமைப்பு மாற்றத்தின் விளைவாக, உயிருடன் இருந்த ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள், அப்படி ஒரு முகவரியே இல்லை என்ற 550 இலக்கப் பிழையுடன் திரும்பின. அதை அப்படியே நம்பித் தமது பட்டியல்களிலிருந்து முகவரிகளை நீக்கியவர்கள் நல்ல முகவரிகளை இழந்தார்கள்.

திரும்பி வரும் கடிதத்தில் உள்ள அந்த இலக்கத்தை வாசிக்காமல் விடுவது பெருந்தவறு. 4 இல் தொடங்கும் இலக்கம் தற்காலிகத் தடை. 5 இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. தற்காலிகத் தடையில் அனுப்பும் சேவையகம் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கு, ஐந்து நாட்கள் வரை முயல வேண்டும் என்பது மின்னஞ்சலின் பொது நெறி. சில வழங்குநர்கள் முன்னரே கைவிடுவதும் உண்டு. ஆகவே ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ எங்களுக்கு எழுதியவரின் கடிதம், எமது வழங்குநர் அரை நாள் முடங்கியதால் தொலைந்துபோவதில்லை. இடைவழியில் காத்திருந்து வந்துசேரும். அந்த நேரத்தில் புதிய முகவரி ஒன்றைத் திறந்து எல்லோருக்கும் அறிவிப்பதால் வரும் குழப்பம், முடக்கம் தீர்ந்து மாதங்கள் சென்றாலும் தீராது.

அதைவிடக் கேடானது, கணக்கை மென்பொருளிலிருந்து நீக்கி மீண்டும் சேர்ப்பது. ஐமெப் கணக்கானால் எல்லாவற்றையும் மீண்டும் இறக்கும் செலவோடு போகும். பொப் கணக்கானால், தரவையும் நீக்கு என்ற பெட்டியில் அடையாளம் இருந்தால், உலகில் வேறெங்கும் இல்லாத கடிதங்கள் ஒரே அழுத்தலில் போய்விடும்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு சங்கதி. சிக்னல் பலவீனமான இடங்களில், கடிதம் அனுப்பப்பட்டது, ஆனால் அதன் பிரதியை அனுப்பியவை கோப்புறையில் சேமிக்க முடியவில்லை என்று தண்டர்பேர்ட் சொல்லும். முழுவதையும் வாசிக்காமல், போகவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்புகிறார்கள். இப்படி ஒரே கேள்விமனுவுக்கு மூன்று விலைமனுக்கள் போய்ச்சேர்ந்த கதை எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றில் தொகை வேறு. இணைப்பு அடிக்கடி அறும் இடத்தில், மென்பொருளை இணைப்பற்ற நிலைக்கு மாற்றி, பின்னர் அனுப்பு என்பதை அழுத்தினால் கடிதம் அவுட்பொக்ஸில் தங்கும். இணைப்பு வந்ததும் அனுப்பலாம். அவுட்பொக்ஸில் இருப்பது இன்னும் எமது மேசையில்தான் இருக்கிறது என்பதை மறந்து கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

சில வேளைகளில் முடக்கம் போலத் தோன்றுவது வெறும் நிரம்பல். ஜிமெயிலின் இலவச 15 கிகாபைட் இடம் கடிதங்களுக்கு மட்டுமல்ல, கூகுளின் கோப்புச் சேமிப்பிடமான ட்ரைவுக்கும் தொலைபேசிப் புகைப்படங்களுக்கும் பொதுவானது. கட்டட வேலைப் படங்கள் அதை நிரப்பிவிட்டால் கடிதம் வராது. கடிதத்தோடு சேர்த்து அனுப்பும் கோப்புகளுக்கான 25 மெகாபைட் எல்லையும் அவ்வாறே ஏமாற்றும்: கோப்புகள் அனுப்பும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடுவதால், 18 மெகாபைட்டைத் தாண்டிய கோப்புக்கே சிக்கல் தொடங்கும்.

முடக்கச் செய்தி பரவிய நாட்களில், உங்கள் அஞ்சற்பெட்டி நிறுத்தப்பட்டுள்ளது, மீள இயக்க இங்கே அழுத்துங்கள் என்ற கடிதங்கள் வருமானால் அவற்றைத் தொடவே கூடாது. வழங்குநர் எவரும் கடிதத்தில் உள்ள சுட்டியின் வழியே கடவுச்சொல்லைக் கேட்டு முடக்கத்தைத் தீர்ப்பதில்லை.

திறப்பு யாரிடம்

கணக்கின் மீட்பு எண்ணாக எவருடைய தொலைபேசி இலக்கம் பதியப்பட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலான சங்கங்கள் பார்த்ததேயில்லை. அது இடமாற்றம் பெற்றுப் போன உத்தியோகத்தருடையதாகவோ, நெடுநாள் ரீலோட் போடாமல் செயலிழந்த சிம்மாகவோ இருக்கும். சரிபார்ப்புக் குறுஞ்செய்தி சிக்னல் இல்லாத இடத்தில் வந்துசேராது; அதற்காக கூகுள் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளைத் தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும் செல்லும். அவற்றை அச்சிட்டு, கணினியில் அல்லாமல், சங்கத்தின் காசோலைப் புத்தகம் இருக்கும் அலுமாரியில் பூட்டி வைத்து, புதிய நிருவாகம் பொறுப்பேற்கும் நாளில் கையொப்பத்துடன் ஒப்படைக்க வேண்டும். திட்டம் முடிந்ததும் கைவிடப்பட்ட தனிநபர் கணக்குகளை, இரண்டு ஆண்டுகள் எவரும் நுழையாவிட்டால் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசெம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்திய நாள் அந்தக் கணக்கிலும் ஒருமுறை நுழைந்து, ஒரு கடிதத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.