துப்பறியும் நாவலையும் அதன் படத்தையும் ஒப்பிடுகிறீர்களா? இங்கேதான் சறுக்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டத்தில் மர்ம நாவல் என்றால் கூட்டம் சேரும். அதன் படத்தையும் சேர்த்துப் பேசுவோம் என்றால் சண்டையும் சேர்ந்தே வரும். சண்டையில் தப்பில்லை. ஆனால் பாதி நேரம் “புத்தகத்தில் இருந்த டாக்டர் படத்தில் எங்கே?”, “அந்தத் தங்கச்சியை ஏன் தூக்கிவிட்டார்கள்?” என்று விடுபட்டதை எண்ணுவதிலேயே போய்விடுகிறது. முந்நூறு பக்கத்தை இரண்டரை மணி நேரத்தில் அடக்கினால் ஆள் குறையத்தான் செய்யும். அந்த டாக்டர் மேல் நமக்குச் சந்தேகம் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்றால் விஷயம் பெரிது. சந்தேகப்பட ஓர் ஆள் குறைந்தால் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது அந்த அளவுக்குச் சுலபமாகிவிடும்.

இன்னொரு தவறு, தடயத்தைக் கதைச் சம்பவம் போல வைத்து ஒப்பிடுவது. “இரண்டிலும் இருக்கிறதே” என்று டிக் போட்டுவிட்டுப் போகிறோம். எந்த இடத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தார்கள் என்று பார்ப்பதில்லை.

நம்ம ஊர் ரப்பர் தோட்டத்துக் கதையாக ஒன்றைக் கற்பனை செய்வோம். ராத்திரி முழுக்க மழை. காலையில் மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) இறந்து கிடக்கிறார். பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் ஒருவன் போலீசிடம், “விடிகாலையிலிருந்து என் நிரையில் வெட்டிக்கிட்டு இருந்தேன்” என்கிறான். பொய். பட்டை ஈரமாக இருந்தால் யாரும் வெட்டமாட்டார்கள். பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சேராது. நாவலில் அந்த மழை நாலு பக்கம் முன்னால் ஒரே வரியில் வந்து போயிருக்கும். நாமும் தாண்டிப் போயிருப்போம். படத்தில் அப்படி ஒளிக்க முடியாது. அவன் பேசும்போது பின்னால் நனைந்த மரம் நின்றுகொண்டே இருக்கும். தோட்டத்தில் வெட்டிப் பழகிய தாத்தா அங்கேயே “புளுகுறான்” என்பார். சென்னையில் பார்ப்பவருக்கு ஒன்றும் தோன்றாது. (நம் பிள்ளைகளுக்கும்தான். அவர்கள் பார்த்து வளர்ந்தது ரப்பரை அல்ல, எண்ணெய் எடுக்கும் செம்பனையை.) தாத்தா உடனே பிடித்துவிடாதபடி இயக்குநர் அந்தப் பேச்சையே போலீஸ் ஸ்டேஷனுக்குள் கொண்டுபோய் வைக்கலாம். நாவலில் இல்லாத ஸ்டேஷன் காட்சி எதற்கு என்று கேட்டால், பதில் அந்த ஈரப் பட்டையில் இருக்கிறது.

முடிவு மாறியிருந்தால் உடனே இயக்குநரைத் திட்டுவதும் வழக்கம். (அடுத்த சில வரிகளில் ஒரு பழைய கதையின் ரகசியம் உடைகிறது, வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்.) டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ 1938இல் வந்தது. அதில் கணவன்தான் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான். ஹிட்ச்காக்கின் 1940 படத்தில் அவள் விழுந்து அடிபட்டுச் சாகிறாள். கொலை செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. ஹிட்ச்காக் என்ன செய்வார்?

அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ இன்னும் வேடிக்கை. 1939 நாவலின் முடிவை 1943இல் மேடை நாடகத்துக்காக மாற்றியவரே கிறிஸ்டிதான். 1945இல் ரெனே கிளேர் எடுத்த படம் அந்த நாடக முடிவைத்தான் பின்பற்றியது. எதை மூலமாக வைத்துப் படம் எடுத்தார்கள் என்று பார்க்காமல் பேசினால் இப்படித்தான் ஆளை மாற்றி அடிப்போம்.

அப்புறம் நடிகர். சுஜாதாவின் வக்கீல் கணேஷ் நம் எல்லோர் மனதிலும் ஒரு முகத்தோடு இருக்கிறார். 1977இல் ‘காயத்ரி’ படத்தில் ஜெய்சங்கர் கணேஷ், ரஜினி வில்லன். மறு வருடமே ‘ப்ரியா’வில் ரஜினியே கணேஷ்! லண்டனில் நடந்த கதையும் சிங்கப்பூருக்கு மாறிவிட்டது. “யார் சரியான கணேஷ்?” என்று ராத்திரி முழுக்க வாதாடலாம், ஒன்றும் தேறாது. படத்தில் கணேஷ் மூளையால் எதையாவது கண்டுபிடிக்கிறாரா, இல்லை சண்டை போட்டே முடித்துவிடுகிறாரா என்று பாருங்கள். என் அபிப்பிராயத்தில் அங்கேதான் நாவலுக்கும் படத்துக்கும் நிஜமான தூரம் தெரியும்.

படத்தை முதலில் பார்த்துவிட்டு, “நாவலில் ஐம்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிஞ்சிருச்சு” என்பவர்கள் தனி ரகம். தெரியாமல் எப்படி இருக்கும், சார்? இரண்டாவதாக எடுத்தது எதுவானாலும் சப்பென்றுதான் இருக்கும். எதை முதலில் எடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

கொலைகாரன் பெயரை உடைக்கும் முன், முடிக்காதவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருந்தால் அவர்கள் தே தாரிக் (நம்ம ஊர் ஆற்றிய பால் டீ) வாங்கப் போகட்டும். காசை மற்றவர்கள் கொடுத்தால் கோபமும் வராது.