நீர்க்கடுப்பா, சிறுநீர்த் தொற்றா? வீட்டில் செய்யக்கூடியதும் வீட்டோடு நிறுத்தக் கூடாததும்

சித்திரை வெயில் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கேட்கும் புகார் இது: சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். சில வீடுகளில் கால் பெருவிரலில் சுண்ணாம்பும் தடவுவார்கள். இளநீர் நல்லதுதான். சுண்ணாம்பைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எரிச்சலுக்குக் காரணம் கிருமி என்றால் இரண்டும் அதை ஒன்றும் செய்யாது. கைவைத்தியம் எதுவரை, மருத்துவர் எங்கிருந்து என்று தெரிந்துகொள்வதே இதில் பாதி வேலை.

படி 1: எது என்று பிரித்தறியுங்கள்

தண்ணீர் குடிக்காமல் அலைந்த நாளில் சிறுநீர் அடர் மஞ்சளாக, கொஞ்சமாக, எரிச்சலோடு போகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரோ நீர்மோரோ குடியுங்கள். நிறம் வெளுத்து எரிச்சலும் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் வெறும் நீர்க்கடுப்பு.

நிறம் வெளுத்த பிறகும் எரிச்சல் நிற்கவில்லையா? போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி முட்டுகிறதா? போனால் சில சொட்டுதான் வருகிறதா? அடிவயிற்றில் வலி, கலங்கிய சிறுநீர், இரத்தச் சாயல் இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப்படுதலும் அரிப்பும் முன்னிற்கின்றன என்றால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம், மருந்தும் வேறு.

பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் ஈ.கோலை. நம் குடலிலேயே வாழும் கிருமி அது. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து நகர்ந்து சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுகிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ., பெண்களுக்கு 4 செ.மீ. மட்டுமே. பெண்களுக்கு இது அடிக்கடி வருவதற்குச் சுத்தக்குறைவு காரணம் அல்ல, உடலமைப்புதான் முதல் காரணம். வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

படி 2: யார் காத்திருக்கக் கூடாது?

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்கத்திலோ இடுப்புக்கு மேலே முதுகிலோ வலி, வாந்தி: இவற்றில் ஒன்று வந்தாலும் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவானாலும். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், சிறுநீர் போக டியூப் வைத்திருப்பவர்கள் ஆகியோர் லேசான எரிச்சலுக்கே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. இவர்களுக்கு அடுத்த படி தனி வைத்தியம் அல்ல, துணை மட்டுமே.

படி 3: முதல் நாள் வீட்டில்

முட்டும்போதெல்லாம் போய்விடுங்கள், அடக்காதீர்கள். தண்ணீர், நீர்மோர், பார்லிக் கஞ்சித் தண்ணீர் எதுவானாலும் சரி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும். காபியும் குளிர்பானமும் சில நாள் வேண்டாம். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை ஒத்தடம், வலிக்குப் பாராசிட்டமால். இதய நோய் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. பொட்டாசியம் மிகுந்த இளநீரை அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மருந்துக்கடையில் கேட்டால் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிரப் ஒன்று கொடுப்பார்கள். எரிச்சல் சற்றுத் தணியலாம், கிருமி சாகாது. தணிந்துவிட்டதே என்று நாள் கடத்துவதுதான் அதில் உள்ள ஆபத்து. ஒரு நாளில் மாற்றம் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

படி 4: மாதிரியைச் சரியாக எடுங்கள்

பலரும் கோட்டை விடும் இடம் இது. கல்ச்சர் பரிசோதனைக்கு (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது) எழுதிக் கொடுத்தால், ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். ஒரு மாத்திரை உள்ளே போனாலும் முடிவு பொய்யாகலாம். கை கழுவி, அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதை வெளியே விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆய்வகம் தரும் டப்பா மட்டுமே வேண்டும். வீட்டிலுள்ள பழைய மருந்துப் பாட்டில் உதவாது. டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'எஸ்' என்று இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். 'ஆர்' என்றால் கட்டுப்படாது. நிலைமையைப் பார்த்து, முடிவு வருமுன்பே மருத்துவர் மருந்தைத் தொடங்குவதும் உண்டு.

படி 5: மாத்திரை விஷயத்தில் கறாராக இருங்கள்

போன முறை மீந்தது, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று எதையும் விழுங்காதீர்கள். முன்பு எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றை இந்தியாவில் இன்று ஈ.கோலை பெருமளவு எதிர்த்து நிற்கிறது. அவற்றை அளவின்றி விழுங்கிய பலன் அது. இப்போது சாதாரணத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள் அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி ஒரே வேளை என்று எழுதுவது வழக்கம். நைட்ரோஃபுரான்டாயின் சாப்பிடும்போது சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இரண்டாம் நாளே சுகமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

படி 6: மறுபடி வராமல் இருக்க

தண்ணீர்தான் முதலில். அடிக்கடி தொற்று வந்த, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; பழையபடியே குடித்தவர்களுக்கு 3.2 முறை. ஆனால் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணும், பள்ளிக் கழிவறைக்கு அஞ்சும் மாணவியும் வேண்டுமென்றா தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள்? கழிவறையைச் சரிசெய்யாமல் அவர்களுக்கு அறிவுரை சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கழுவும்போது தண்ணீர் முன்னிருந்து பின்னே போகட்டும். கைக்குழாயைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பீய்ச்சுவதைத் தவிருங்கள். உள்ளே சோப்பும் டெட்டாலும் வேண்டாம். உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுங்கள். இவற்றுக்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. செலவும் இல்லை என்பதால் செய்யலாம். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. கிரான்பெர்ரி என்ற வெளிநாட்டுப் பழம் சிலருக்கு மறுபடி வருவதைக் குறைக்கிறது. வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்தாது. கடையில் விற்கும் ஜூஸில் சர்க்கரைதான் அதிகம்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை அல்லது ஆண்டில் மூன்று முறை வந்தால் காரணம் தேட வேண்டும். ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை தேவைப்படலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பிறப்புறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீம் நல்ல பலன் தருகிறது. கூச்சத்தால் பலரும் இதைக் கேட்பதில்லை. அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகும்போது, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.